மாடிக்குப் போன பெரியம்மா

“தலைவலின்னு மாடிக்குப் போனாங்களே அந்தப் பெரியம்மா, எப்பங்க கீழ இறங்குவாங்க?”

பல் டாக்டர் இப்படிக் கேட்டபோது அவளால் பதில் சொல்ல முடியவில்லை. வாய்க்குள் ஒரு சின்னக் கண்ணாடி, ஒரு கொக்கி, பஞ்சு உருண்டைகள், எச்சிலை உறிஞ்சுகிற குழாய் எல்லாம் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. கண்ணை மட்டும் உருட்டினாள்.

“எங்க வீட்ல தினம் இதே பேச்சுதான். அந்தம்மா எப்பவோ போய்ச் சேந்திருக்கும், இவங்கதான் மறைக்கிறாங்கன்னு என் மாமியார் அடிச்சுச் சொல்றாங்க. வாய மூடாதீங்க. வலிக்குதா?”

வலித்தது. பல்லில் இல்லை.

அவள் எழுதி, அவளே தயாரிக்கிற டிவி தொடர் அது. வேலை செய்கிற இடத்தில் எல்லாரும் அவளை ‘வசனம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வசனம் வந்தாச்சா, வசனம் சாப்பிட்டாங்களா என்று விசாரிப்பார்கள். நாள் முழுக்க அடுத்தவர் பேசுவதற்கு எழுதிக் கொடுக்கிறவள், தானாக வாயைத் திறப்பது அபூர்வம் என்பதால் அந்தப் பெயரில் கொஞ்சம் கேலியும் கலந்திருந்தது. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டுமே என்கிற கூச்சத்திலேயே படிப்பைப் பாதியில் விட்டவள் அவள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று ஒரு படப்பிடிப்பில் வசனத்தைப் பிரதி எடுக்கிற வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். ஒருநாள் அங்கே எழுத்தாளர் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றைய காட்சிக்குத் தாள் வேண்டும். இவள் ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதி, அவர் எழுதியதைப் பிரதி எடுத்த மாதிரியே கொண்டுபோய் வைத்தாள். மறுநாளும் வைத்தாள். எழுத்தாளர் சமாதானமாகித் திரும்பி வந்தபோதுதான், அவர் இல்லாமலே வண்டி ஓடிக்கொண்டிருந்தது எல்லாருக்கும் தெரிந்தது. அதற்கப்புறம் அவர் கோபப்படுவதையே விட்டுவிட்டார்.

அங்கே தொடங்கி வருஷக்கணக்கில் பிறத்தியார் கம்பெனிகளுக்கு எழுதிக் கொட்டிவிட்டு, போன வருஷம்தான் தம்பியைத் துணைக்கு வைத்துக்கொண்டு சொந்தமாகத் தொடங்கியிருந்தாள். முதல் தொடர். முதல் தொடரிலேயே ஒரு பெரியம்மாவைத் தொலைத்திருக்கிறாள்.

பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, வாசலில் தம்பி வண்டியோடு நின்றான். மரத்துப்போன வாயோடு அவள் கேட்டாள்.

“பெரியம்மா எங்கடா?”

“யாரு? நமக்கு ஏது பெரியம்மா? ஊசி மூளைக்கு ஏறிடுச்சா?”

“சீரியல் பெரியம்மா.”

தம்பி வண்டியை உதைக்கப் போன காலை அப்படியே கீழே வைத்தான். தொடரில் யார் எந்த நாள் நடிக்க வர வேண்டும், யாருக்கு எத்தனை மணிக்குக் கார் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அவன் பொறுப்பு.

“அய்யய்யோ. அவங்க மாடியிலல்ல இருக்காங்க.”

தினசரித் தொடர்களில் கதையை நடத்துவது எழுத்தாளர் இல்லை, நடிகர்கள் கொடுக்கிற தேதி. இன்றைக்கு ஒருவருக்குத் தேதி இல்லையென்றால் அவரை எங்கேயாவது அனுப்பிவிட வேண்டும். கல்லூரி வயதுப் பையன் என்றால் சிநேகிதன் வீடு. மாமா என்றால் வெளியூர் வேலை. பெரியம்மாவாக நடித்தவருக்கு அன்று மத்தியானத்துக்கு மேல் வேறு ஓர் இடத்தில் வேலை இருந்தது. ‘தலைய வலிக்குது, கொஞ்சம் மேல போய்ப் படுக்கிறேன்’ என்று வசனம் நின்றபடியே ஒரு வரி எழுதிக் கொடுத்தாள். பெரியம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். அந்த வாரம் கதையில் ஒரு கல்யாணம் வந்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளை ஓடிப்போனான். அவனைத் தேடின இடத்தில் விபத்து. விபத்தில் அடிபட்டது பெரியம்மாவின் சொந்த மகன். மொத்தக் குடும்பமும் ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு வெளியே வரிசையாக நின்று அழுது, அவன் பிழைத்து வந்து, வீட்டுக்குப் புது வண்ணமும் அடித்தாயிற்று. பெற்றவள் மட்டும் மேலே படுத்திருந்தாள். எழுதினவளும் கவனிக்கவில்லை, எடுத்தவர்களும் கவனிக்கவில்லை, நடித்தவர்களும் கவனிக்கவில்லை.

பார்த்தவர்கள் கவனித்திருந்தார்கள். டாக்டர் வீட்டு மாமியார் மட்டும் இல்லை. செல்போனில் தொடருக்குக் கீழே யாரோ ஒரு புண்ணியவான், ‘பெரியம்மாவுக்குத் தலைவலி தேவலையா?’ என்று எழுதப் போக, அதுவே ஒரு வழக்கமாகிவிட்டது. லீவு கேட்கிறவர்கள் ‘பெரியம்மா தலைவலி’ என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். விஷயம் ஊர் சுற்றி முடித்துக் கடைசியில்தான் வீட்டுக்காரியிடம் வந்திருக்கிறது.

சாயங்காலமே சேனலிலிருந்து நேரில் வரச் சொல்லி அழைப்பு வந்தது. தொடர்களை மேற்பார்க்கிற அதிகாரி, எல்லாருக்கும் மேடம். அந்த அம்மாள் கோபமாக இருந்தால் சிரிப்பார், சந்தோஷமாக இருந்தால் முறைப்பார். அன்றைக்கு முறைத்தார்.

“ஊரே பேசுதும்மா. நாம விளம்பரம் பண்ணிக்கூட இவ்வளவு பேச வெச்சதில்ல. அடுத்த வாரம் அந்தம்மாவ இறக்கு. நல்லா இறக்கிட்டீன்னா இன்னொரு வருஷம் அந்த நேரம் உனக்குத்தான். சொதப்பினா, வேற கம்பெனி வாசல்ல நிக்குது. எனக்கு மறைக்கத் தெரியாது.”

வசனம் தலையாட்டினாள்.

“வாயத் தொறந்து சொல்லும்மா.”

“சரிங்க மேடம்.”

தொடர் நின்றால் கம்பெனியும் நின்ற மாதிரிதான். தம்பி பழையபடி யாரிடமாவது வேலைக்குப் போவான். அவள் பழையபடி யாருடைய தளத்திலாவது ஒரு மூலை பார்த்து உட்கார வேண்டும். மூலை அவளுக்குப் புதிதில்லை. ஆனால் ஒரு வருஷம் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகு மூலை ரொம்பக் குறுகலாகத் தெரிந்தது.

பெரியம்மாவை ஒரு டப்பிங் தியேட்டரில் பிடித்தார்கள். சுவர் முழுக்கப் பஞ்சு வைத்துத் தைத்த அறை. உள்ளே பெரியம்மா ஒலிவாங்கி முன்னால் நின்று, குழந்தைகள் படத்தில் வருகிற ஒரு தாய் யானைக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் வெளியே வந்தவர் இவளைப் பார்த்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“வாம்மா வசனம். இப்பதான் கொஞ்சம் தேவல.”

வழி நெடுக யோசித்து வைத்திருந்ததெல்லாம் அவளுக்கு மறந்துபோனது.

“மன்னிச்சுக்கங்கம்மா. வந்து, நான்…”

“மறந்துட்டே. சொல்லு, பரவால்ல. முதல் வாரம் போன் வரும்னு பாத்தேன். அப்புறம் சரி, பாவம், தூங்குறா, தூங்கட்டும்னு விட்டுட்டேன்.”

“நீங்க ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா.”

“பண்ணி? தலைவலி சரியாப் போச்சு, இறங்கட்டுமான்னு கேக்கவா?” என்று சிரித்தார். பிறகு தண்ணீரைக் குடித்துக்கொண்டே சொன்னார். “எம் பையனுக்கு ஆபரேஷன் பண்ணீங்களே, அன்னிக்கு வீட்ல உக்காந்து பாத்தேன். கண்ணாடிக்கு வெளிய பக்கத்து வீட்டு வாட்ச்மேன் வரைக்கும் நின்னு அழுவுறான். பெத்தவளக் காணோம். எனக்கே என் மேல ஆத்திரம், என்ன பொம்பள இவள்னு. அது போகட்டும். தலைவலின்னு போனவளுக்கு ஒரு மாத்திரை, ஒரு வாய் காப்பி கொண்டாந்து குடுக்க நாதியில்ல பாரு அந்த வீட்ல.”

தம்பி குறுக்கே புகுந்தான். “அடுத்த வாரம் வந்துடுங்கம்மா. தேதி எல்லாம் நீங்க சொல்றதுதான்.”

“ஒரு நாள்.”

“ஒரு நாளா?”

“நாடகக் குழு ஒண்ணுல சேந்திருக்கேன். பெரிய வேஷம். ஒரு வருஷத்துக்கு ஊர் ஊராப் போறோம். கிளம்புற அன்னிக்குக் காலையில வந்து நடிச்சுக் குடுத்துட்டு, அப்படியே வேன்ல ஏறிடுவேன். வேன உங்க வாசலுக்கே வரச் சொல்லிடுறேன்.”

“ஒரு நாள வெச்சுக்கிட்டு எப்படிம்மா?” என்றாள் வசனம்.

“அது எழுதுறவ பாடு. ஆனா ஒண்ணு. இத்தன நாள் எதுக்கு மேல கிடந்தேங்குறது நான் நம்புற மாதிரி இருக்கணும். கோமா கீமான்னு எழுதிக்கிட்டு வந்தே, வரமாட்டேன். சரி, உள்ள குட்டி யானை ஆத்துல விழுந்துடுச்சு. நான் போய்ப் பிளிறணும்.”

மறுநாள் படப்பிடிப்புத் தளத்தில் பஞ்சாயத்து கூடியது. தளம் என்றால் ஊருக்கு ஒதுக்குப்புறமான ஒரு பழைய கிடங்கு. அதற்குள்ளேதான் அந்தப் பெரிய குடும்பத்தின் பெரிய வீடு இருந்தது. பளபளவென்று சோபா, சாப்பாட்டு மேஜை, நடுக்கூடத்திலிருந்து வளைந்து ஏறுகிற மாடிப்படி. படி ஏறினால் மாடி கிடையாது. மேலே ஒரு ஆள் நிற்கிற அளவுக்குப் பலகை அடித்திருக்கும். ஏறிப் போகிற நடிகர், ‘கட்’ சொல்கிற வரைக்கும் அங்கே குனிந்து நின்றுவிட்டு இறங்கி வர வேண்டும். மற்ற நேரத்தில் லைட்காரர் அங்கேதான் வயர்ச் சுருள்களை வைத்திருப்பார்.

“கோமாதான் சரி,” என்றார் டைரக்டர்.

“வரமாட்டேன்னுட்டாங்க,” என்றான் தம்பி.

“அப்ப இரட்டைப் பிறவி. மேல இருந்தது அக்கா. ஆஸ்பத்திரியில அழுதது தங்கச்சி.”

“ஆஸ்பத்திரியில அந்த முகத்தோட யாருமே அழலையே சார். அதானே பிரச்சினையே.”

ஏணி மேலிருந்து லைட்காரர் குரல் கொடுத்தார். “மாடியில ஒரு பின்வாசல் இருந்துச்சு, அது வழியா வெளிநாடு போயிட்டாங்கன்னு வெச்சுக்கலாம்.”

“மாடியே இல்லாத வீட்டுக்குப் பின்வாசலாண்ணே?” என்றான் தம்பி.

“இல்லாத மாடியில ஒரு பொம்பள இத்தன நாள் படுத்திருக்கலாம், பின்வாசல் இருக்கக் கூடாதா?”

வசனம் ஒரு ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். காரணம் ஒன்று கிடைத்தாலும் விடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தம்பி அதை வாய்விட்டே கேட்டான்.

“இறங்கி வந்தவங்க அடுத்த நாள் எங்கக்கா போவாங்க? ஒரு நாள்தானே தேதி. மறுபடியும் தலைவலியா?”

அவள் எழுதினாள். வியாதி வைத்து எழுதினாள், விரதம் மாதிரி ஒரு வைராக்கியம் வைத்து எழுதினாள், சொத்து ரகசியம் ஒன்றைக் காவல் காத்தார் என்று எழுதினாள். பெரியம்மா படியில் நின்று பக்கம் பக்கமாகப் பேசினார், குடும்பமே கேட்டு அழுதது. படித்துப் பார்த்தால் ஒன்றிலும் உயிர் இல்லை. எழுதினதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, யார் கண்ணிலும் படாமல் யோசிக்க இடம் தேடினாள். கூடத்தில் ஆள் நடமாட்டம். ஒப்பனை அறையில் மாமியார் மருமகள் வேஷக்காரர்கள் தலையணை உறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கால் தானாக மாடிப்படி ஏறியது.

பலகையில் வயர்ச் சுருளை ஒதுக்கிவிட்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சின்ன வயதில் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் இப்படித்தான் மேலே ஓடி உட்கார்ந்துகொள்வாள். கீழே பேசுவது ஒவ்வொன்றும் கேட்கும். இப்போதும் கேட்டது. டைரக்டர் யாரிடமோ போனில் முதுகுவலியைப் பற்றிச் சொன்னார். சோபாவை நகர்த்தினார்கள். சாப்பாடு வந்தது. தட்டுச் சத்தம். அவளுக்கும் பசித்தது. இறங்கலாம் என்று நினைத்தவள், கூப்பிடுவார்கள், அப்போது இறங்குவோம் என்று இருந்தாள்.

“அக்கா எங்க?” தம்பியின் குரல்.

“வெளிய போயிருப்பாங்க,” என்றார் ஒருவர்.

“டாக்டர்கிட்ட போயிருப்பாங்க. பல்லு,” என்றார் இன்னொருவர்.

“ஓ,” என்றான் தம்பி. அவன் தட்டில் கரண்டி விழுகிற சத்தம் கேட்டது.

யாருக்கும் அவள் மேல் கோபம் இல்லை. எல்லாருக்கும் அவள் வேண்டும். ஆனால் யாரோ ஒருவர் ஏற்கெனவே தேடியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நம்பிவிட்டார்கள். பலகையில் உட்கார்ந்தபடி அவள் முதலில் கோபப்பட்டாள். பிறகு இதே காரியத்தைத் தானும் ஒருத்திக்குச் செய்திருக்கிறோமே என்று வெட்கப்பட்டாள். கடைசியில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பெரியம்மா ஏன் இறங்கவில்லை என்பதற்கு ஊரெல்லாம் சேர்ந்து காரணம் தேடிக்கொண்டிருக்கிறது. காரணம் மாடியில் இல்லை. கீழேதான், சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

கால் மரத்துப்போயிருந்தது. கைப்பிடியைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து அவள் இறங்கி வருவதைப் பார்த்து லைட்காரர் கையிலிருந்த தம்ளரை விட்டுவிட்டார்.

“இவ்வளவு நேரம் மேலயா இருந்தீங்க?” டைரக்டர் கேட்டார்.

அவள் தம்பியின் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, பேனாவை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த நாளும் வந்தது. பெரியம்மா சொன்னபடி காலையிலேயே வந்து ஒப்பனை போட்டுக்கொண்டார். நாடகக் குழுவின் வேன் கிடங்கு வாசலில் நின்றது. உள்ளே இருந்தவர்கள் ஆளுக்கொரு ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். மேடமும் வந்து, படம் தெரிகிற திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் வந்ததிலிருந்து முகத்தில் சிரிப்பாகவே இருந்தது, அதனால் யாரும் அந்த நாற்காலிப் பக்கமே போகவில்லை.

வசனம் காட்சித் தாளைப் பெரியம்மாவிடம் கொடுத்தாள். ஒரே தாள்தான். அவர் இந்தப் பக்கம் படித்து, திருப்பிப் பார்த்து, மறுபடி இந்தப் பக்கம் படித்தார்.

“எனக்கு வசனமே இல்லையா?”

“இல்லம்மா.”

“எதுக்கு மேல இருந்தேன்னு யார் சொல்றது?”

“அவங்களா யோசிச்சுப் பாத்துக்கட்டும்மா.”

பெரியம்மா தாளை மடித்தார். “பெட்டின்னு எழுதியிருக்கே. காலிப் பெட்டியக் குடுத்துடாதீங்க. தூக்குற கை காட்டிக் குடுத்துடும்,” என்றார். லைட்காரர் தன்னுடைய போர்வைகளையும் இரும்புச் சாமான்களையும் திணித்துப் பெட்டியை மூடினார்.

“வசனம் எழுதாம வசனம் எழுதியிருக்கு,” என்று மேடம் சிரித்துக்கொண்டே சொன்னார். “பாக்கலாம்.”

காட்சியில் குடும்பம் முழுக்கக் கூடத்தில் கூடியிருந்தது. வீட்டைப் பிரிக்கிற பேச்சு.

“வாசப்பக்கத்து ரூம் எனக்கு,” என்றார் கதையில் பெரியம்மாவுக்குத் தம்பி முறையாக வருகிறவர்.

“அப்ப மாடி எங்களுக்கு,” என்றாள் அவர் மருமகள், காப்பித் தட்டை நீட்டியபடி.

“எடுத்துக்க. சும்மா காலியாத்தான கிடக்கு,” என்றான் பெரியம்மாவின் சொந்த மகன்.

படியில் ஒரு கால் தெரிந்தது.

பெரியம்மா இறங்கினார். அவசரப்படவில்லை. பெட்டி ஒவ்வொரு படியிலும் இடித்தது, அந்தச் சத்தம் ஒன்றுதான் கிடங்கில் கேட்டது. மகன் எழுந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். பெரியம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். திட்டுகிற பார்வை இல்லை. நெடுநாள் கழித்துப் பார்க்கிறவர்களை, எல்லாரும் சௌக்கியமாக இருக்கிறார்களா என்று பார்க்கிற பார்வை. மருமகள் பக்கத்தில் நின்று, பெட்டியைக் கீழே வைத்தார். தட்டிலிருந்து ஒரு காப்பியை எடுத்து, ஊதி, நிதானமாகக் குடித்தார். தாளில் அது இல்லை. தம்ளரைத் தட்டில் வைத்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டி வெளியே போனார்.

டைரக்டர் ‘கட்’ சொல்ல மறந்து உட்கார்ந்திருந்தார். மகனாக நடித்தவன் வாசலைப் பார்த்தபடி உண்மையாகவே அழுதுகொண்டிருந்தான். கேமரா அவன் முகத்தை விடவில்லை.

மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், வசனத்தின் காதருகில் கேட்டார்.

“நாளைக்கு?”

“தேடுவாங்க மேடம்.”

“எங்க தேடுவாங்க?”

“முதல்ல மாடிக்கு ஏறிப் பாப்பாங்க. முதல் தடவையா.”

“எவ்வளவு நாள் தேடுவாங்க?”

“அவங்க நாடகம் முடிஞ்சு வர்ற வரைக்கும். ஒரு வருஷம்.”

மேடம் திரும்பி அவளை நன்றாக முறைத்தார். முறைத்தபடியே போனை எடுத்து, “அந்த நேரத்துக்கு வேற யாரையும் கூப்பிட வேணாம், இவங்களுக்கே போட்டுடுங்க,” என்றார்.

தம்பி சத்தமில்லாமல் துள்ளினான். வசனம் அதைப் பார்க்க நிற்கவில்லை. வயர்களைத் தாண்டி, விளக்குகளைச் சுற்றிக்கொண்டு, கிடங்கின் பெரிய கதவு வழியாக வெளியே ஓடினாள். வெளியே வெயிலில் கண் கூசியது.

பெரியம்மா வேனை நெருங்கியிருந்தார். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, அதே நடையில். ‘கட்’ சத்தம் கேட்கவில்லையென்றால் நடிப்பை நிறுத்தக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் பழகிப்போன விஷயம். ஆனால் அவர் அதற்காகத்தான் திரும்பிப் பார்க்கவில்லையா, இல்லை வேறு எதற்காகவா என்று வசனத்துக்குச் சொல்லத் தெரியவில்லை. ஓடி வந்த வேகத்தில் “அம்மா” என்று மட்டும் கூப்பிட்டாள். வண்டிக்குள்ளிருந்து யாரோ கை நீட்டி, லைட்காரரின் சாமான்கள் நிறைந்த பெட்டியை வாங்கி, கனம் தாங்காமல் முனகினார்கள்.

பெரியம்மா படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினார். வசனத்தை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார். கையை நீட்டி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவளின் கன்னத்தில், பல் பிடுங்கி இன்னும் லேசாக வீங்கியிருந்த பக்கமாகப் பார்த்து, மெல்ல ஒரு தட்டுத் தட்டினார். பிறகு உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வேன் கிளம்பிப் போனது.